நாலு பக்க வசவு

எரோல் டிபெட் ஓவிய விமரிசகரானது வயிற்றெரிச்சலால்தான். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

1958இல் அவருக்கு முப்பத்து நாலு வயது. டாஸ்மேனியாவில், ஃபிராங்க்ளின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஊரைச் சுற்றி ஆப்பிள் தோட்டங்கள். அவரும் ஆறு வருஷமாக ஆப்பிளையே வரைந்துகொண்டிருந்தார். கூடையில் ஆப்பிள், தட்டில் ஆப்பிள், மரத்தில் ஆப்பிள். அந்த மார்ச்சில் பதினேழு படங்களை லாரியில் ஏற்றி ஹோபார்ட்டுக்குக் கொண்டுபோய் முதல் கண்காட்சி வைத்தார். சொந்தக்காரர்கள் வந்தார்கள், ஷெர்ரி குடித்தார்கள், "எடுத்துக் கடிக்கலாம் போலிருக்கே" என்றார்கள். எரோலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை பேப்பரில் மேவிஸ் லோரிமர் எழுதியிருந்தார். தீவில் ஓவியம் பற்றி எழுதுகிறவர் அப்போது அந்த அம்மாள் ஒருவர்தான். 'தென்கரை' என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் கலைப் பத்திரிகையையும் அவர்தான் நடத்திவந்தார். விமரிசனம் ஐந்தே வரி. "திரு. டிபெட்டின் ஆப்பிள்கள், வாத்தியார் உள்ளே வந்ததும் கையைக் கட்டிக்கொண்ட பிள்ளைகளைப்போல் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்குக்கூட அழுகிப்போகத் தைரியம் இல்லை" என்று முடிந்திருந்தது.

எரோல் அதைக் காலைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படித்தார். மனைவி உனா சட்டென்று டீக்கோப்பையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்கிறியா?"

"இல்லப்பா. டீ சூடு."

"உனா!"

"சரி, சிரிச்சேன். மன்னிச்சுக்கோ. ஆனா அந்தப் பொம்பள உன்ன எப்பவாவது வகுப்புல வந்து பாத்திருக்காளா என்ன?"

அன்றே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினார். மேவிஸ் லோரிமரின் கண், காது, தொப்பி எதையும் விடவில்லை. ஆப்பிளைப் பற்றி அந்த அம்மாளுக்குத் தெரிந்ததெல்லாம் ஜாம் பாட்டிலோடு சரி என்றார். ஒவ்வொரு படத்துக்கு எதிரிலும் அவர் நின்ற நேரத்தில் ஒரு முட்டைகூட வேகாது என்றார். பிறகு அதே வேகத்தில், ஒரு படத்தைப் பார்ப்பது என்றால் என்ன என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினார். கண் முதலில் எப்படி ஓடுகிறது, எங்கே போய் உட்காருகிறது, அதன்பிறகு எதைத் தேட ஆரம்பிக்கிறது என்றெல்லாம். தபாலில் சேர்த்துவிட்டு வந்தபிறகுதான் மத்தியானம் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பத்து நாளில் மேவிஸிடமிருந்து பதில் வந்தது.

"அன்புள்ள திரு. டிபெட், உங்கள் கடிதம் 'தென்கரை'யின் அடுத்த இதழில் முதல் கட்டுரையாக வருகிறது. மூன்றாம் பக்கத்தில் இரண்டு வாக்கியங்களை வெட்டிவிட்டேன். திட்டியதையே திரும்பவும் திட்டியிருக்கிறீர்கள். தொப்பியைப் பற்றியது அப்படியே இருக்கிறது. உங்கள் படங்களைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. இப்படி எழுதுகிற கையை வைத்துக்கொண்டு எதற்காக ஆப்பிள் வரைகிறீர்கள்? லான்செஸ்டனில் ஒரு சிற்பக் கண்காட்சி வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. எனக்குப் போக ஒழியவில்லை. போய்ப் பார்த்து எழுதுங்கள்."

எரோல் போனது மேவிஸை மடக்கத்தான். இரும்புத் தகட்டை வளைத்துச் செய்யும் சிற்பங்கள் அந்த அம்மாளுக்கு ஆகாது என்று கேள்விப்பட்டிருந்தார். அதனாலேயே வானளாவப் புகழ்ந்து எழுதுவதென்று தீர்மானம். அங்கே போனதும் தீர்மானம் மறந்துபோயிற்று. உடைந்த கலப்பைத் தகடுகளால் செய்த ஒரு பறவையை மூன்று மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார். காவல்காரர் கதவைச் சாத்த வந்தபோதுதான் எரோல் ஒன்றைக் கவனித்தார். தான் வரைந்தது தேறுமா, தேறாதா என்று ஆறு வருஷமாக நெஞ்சுக்குள் அரித்துக்கொண்டிருந்தது எதுவோ, அந்த மூன்று மணி நேரமும் அரிக்கவில்லை.

பிரஷ்களைக் கழுவிப் பள்ளிக்கூட அலமாரியில் வைத்தார். துக்கம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

பதினோரு வருஷம் மேவிஸும் அவரும் சண்டை போட்டுக்கொண்டே பத்திரிகை கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் புரூஃப் தாளின்மேல்தான் சண்டை.

"இந்த 'அற்புதமான' யாரு போட்டது?" என்பார் மேவிஸ்.

"நான்தான்."

"எடுங்க. என்ன இருந்துச்சுன்னு எழுதுங்க. அற்புதமா இல்லையான்னு படிக்கிறவன் பாத்துக்குவான்."

மேவிஸ் விலகியதும் அப்படிப் புரூஃப் தாள்களுக்கு நடுவில்தான். அச்சகத்தில் ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எனக்குப் போதும், எரோல். இனிமே ஆசிரியர் நீங்க. நான் ஏரிக்கரையில உக்காந்து ட்ரவுட் பிடிக்கப் போறேன்."

"நீங்களா? மீனோட ஒரு மணி நேரம் பேசாம இருப்பீங்களா?"

"மீன் அடைமொழி போடாது. அதுகூட எனக்கு ஒத்துப்போகும்."

எரோல் பள்ளிக்கூட வேலையை விட்டார். பேப்பரில் எழுதும் இடமும் அவருக்கே வந்தது. ஹோபார்ட்டில் படம் மாட்டுகிறவர்கள் அவர் தலையைக் கண்டதும் பேச்சைத் தாழ்த்தினார்கள். சிலர் முகம் கொடுக்கவில்லை. அதெல்லாம் அவருக்குப் பழகிப்போயிற்று. பழகாத ஒன்று 1976இல் வந்தது.

டெஸ் குவாம்பி, எரோல் வீட்டுக்கு அடுத்த ஆப்பிள் தோட்டத்துக்காரர், இருபது வருஷச் சிநேகிதர். பிரிட்டனுக்கு ஆப்பிள் போவது நின்றபின் பாதி மரங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கை சும்மா இருக்க மாட்டாமல் வரைய ஆரம்பித்தவர். இருபது படங்களைச் சேர்த்து ஹோபார்ட்டில் கண்காட்சி வைக்கப்போவதாக வந்து நின்றார்.

"நீதான் எழுதணும். சிநேகிதன்னு பாத்து எழுதினே, அப்புறம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

உனா கணவரைத் தனியே பிடித்துக்கொண்டாள். "வேற யாரையாவது அனுப்பு. ஞாயித்துக்கிழமை அவன் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும்."

எரோல் போனார், பார்த்தார், பார்த்ததை எழுதினார். "பத்தொன்பது படங்கள் விதைக்கடைக் காலண்டருக்குப் போகலாம். ஒன்று மட்டும் போகாது. பிடுங்கிப்போட்ட மரங்கள் வரிசையாக வேரைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன. கொட்டகைக்கு அடித்து மிஞ்சிய சாம்பல்நிறப் பெயின்ட். அதில் மட்டும் டெஸ் குவாம்பி அழகு பண்ண மறந்துவிட்டார்."

ஞாயிற்றுக்கிழமை டெஸ் வந்தார். பேப்பர் கோட்டுப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. உனா ஆட்டுத்தொடையை அறுத்து வைத்தாள், உருளைக்கிழங்கை வைத்தாள், புதினாச் சாற்றை ஊற்றினாள்.

"பத்தொம்போது மோசமா?" என்றார் டெஸ்.

"ஆமா."

"அட, நான் இருபதும் மோசம்னுல்ல நெனச்சேன்!"

உனா மூச்சு விட்டாள். டெஸ் இன்னொரு உருளைக்கிழங்கைக் குத்தி எடுத்துக்கொண்டார். "அந்த ஒண்ண எப்படிய்யா பிடிச்சே? போனாப் போகுதுன்னு கடைசியா மாட்டினது அது. கொண்டு போகாதேன்னா எம் பொண்டாட்டி."

"ஏனாம்?"

"பாத்தா அழுகை வருதாம்."

எரோல் கத்தியைக் கீழே வைத்தார். "உன் வீட்லயே என்னவிடப் பெரிய விமரிசகர் இருக்காங்க. அடுத்த தடவ முதல்ல அவங்களக் கேளு."

டெஸ் கேட்டிருப்பார் போலிருக்கிறது. மூன்று வருஷம் கழித்து அவர் மாட்டிய படங்கள் ஆறுதான். விமரிசனத்துக்கு எரோல் லான்செஸ்டனிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார். தான் நோட்டுப் புத்தகம் இல்லாமல் போனார். ஆறிலும் ஒரே இடம்தான், மரம் போன வெறுந்தரை. மழையில், வறட்சியில், உறைபனியில். நாலாவதின் முன்னால் போய் நின்றவர் நின்றவர்தான்.

டெஸ் பீர் கிளாசோடு பக்கத்தில் வந்தார். "என்னய்யா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறே?"

"பாத்துக்கிட்டிருக்கேன்ல? சும்மா இரு."

டெஸ் அவரை அங்கேயே விட்டுவிட்டு, வாசலில் வந்து நின்ற உனாவை வரவேற்கப் போனார்.