செருப்பைக் கழற்றச் சொன்னது யார்

2004-இல் காலேஜ் வாட்ச்மேனாக எனக்கு இருந்த முதல் உத்தரவு இதுதான்: கடைசி வருசத்துப் பிள்ளைகள் முதல் வருசத்துப் பிள்ளைகளோடு சேரக்கூடாது. ராகிங் என்று பேப்பரில் வந்தால் பிரின்சிபால் தலை போகும். எனக்கும் சரியாகத்தான் பட்டது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுக்கும் என்று நம்ப நான் ஆளில்லை.

ஒருநாள் மத்தியானம் ஒர்க்‌ஷாப் பக்கம் போனேன். பட்டாசு வேலைக்குப் போகும் எம். புதுப்பட்டி கருப்பம்மாள் மகள் ரோஜா, முதல் வருசம், வெறுங்காலோடு நின்றாள். செருப்பு வாசலில் கிடந்தது. எதிரே பட்டாசுக் கம்பெனி முதலாளி மகள் ஐஸ்வர்யா, கடைசி வருசம், ஷூ காலோடு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் அப்பா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மேலத்தெருவைக் கடந்தவர். எனக்கு வேறென்ன தோன்றும்? நேரே பிரின்சிபாலிடம் போய் ராகிங் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையிலேயே ஐஸ்வர்யாவைப் பரீட்சை எழுதவிடாமல் நிறுத்தக் காகிதம் தயாராகிவிட்டது. சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டும்.

ரோஜா காலேஜ் கேட்டுக்கு ஓடி வந்தாள்.

"என்ன காரியம் பண்ணுனீக தாத்தா? செருப்பை நானாத்தான் கழத்துனேன்."

"பயந்துக்கிட்டுச் சொல்லாதத்தா."

"பயமா? அந்த அக்காவைத் திட்டிக்கிட்டுல்ல நின்னேன்! உடம்புல ஏறுற கரண்டு பொறியா பட்டாசு மருந்துல தாவக்கூடாதுன்னு, செருப்புக்குள்ள தகடு வைக்கிறாகளாம். அதுதான் புராஜெக்ட்டாம். மருந்து ரூமுக்குள்ள எவ செருப்பு போட்டுக்கிட்டுப் போறா? வெறுங்காலைக் காட்டித்தான் கேட்டேன். முதலாளி மக ஒருநாளாவது உள்ள போயிருந்தால்ல தெரியும்! அவுக எனக்குக் கணக்குச் சொல்லித் தாறாக. நான் அவுகளுக்கு இதைச் சொன்னேன்."

வாட்ச்மேனாக வருமுன் பதினெட்டு வருசம் மருந்து அறையில் வெறுங்காலோடு நின்றவன் நான். எனக்கு அது தோன்றவேயில்லை.

ஆபீசுக்குப் போனேன். பிரின்சிபால் காகிதத்தை நீட்டினார்.

"நான் பார்த்தது வெறுங்காலை மட்டுந்தேன் சார். மத்ததெல்லாம் நானாக் கட்டுனது. போட மாட்டேன்."

"நேத்து நீதானய்யா வந்து சொன்னே? போடலைன்னா வேலை இருக்காது."

"அப்ப அதையும் எழுதுங்க. பிள்ளைக ஒண்ணா உக்காந்து படிச்சதுக்கு வாட்ச்மேனை நிறுத்துனோம்னு எழுதி, நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. வாங்கிக்கிட்டுப் போறேன்."

அவர் பேனாவைத் தொடவில்லை. காகிதத்தை மடித்து மேசைக்குள் போட்டார்.

வெளியே ரோஜாவோடு ஐஸ்வர்யா நின்றாள்.

"ரொம்ப நன்றி தாத்தா."

"நன்றியெல்லாம் வேண்டாம். உங்க ஆளுகளை நான் இன்னும் நம்பலை. இவ கணக்குல பெயிலானா உன்னைத்தான் கேப்பேன். போங்க, ரெண்டு பேரும் போய் உக்காருங்க. கதவைச் சாத்தாதீக. எவன் பார்க்கானோ பார்க்கட்டும்."