எடஃபோசாரஸின் முதுகு

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருந்த அந்தப் பூங்காவில் ஜான்சிக்குக் கைடு வேலை. விலங்கியல் படித்தவள். அங்கிருந்த சிமெண்ட் பிராணிகளில் அவளுக்குப் பிடித்தது எடஃபோசாரஸ். சின்னத் தலை, பெருத்த வயிறு, முதுகில் படகின் பாயை விரித்தாற்போல் ஆளுயரத் துடுப்பு. டைனோசர்களுக்கு வெகுகாலம் முன்பே இலைதழை தின்று வாழ்ந்தது, பாலூட்டிகளின் தூரத்துச் சொந்தம் என்று சலிக்காமல் சொல்வாள். முதலாளி அர்ச்சுனன் பலகையில் எழுதி வைத்தது வேறு: 'சாதுப் பிராணி. ஏறி உட்கார்ந்து படம் எடுக்கலாம்.'

ஐப்பசிக் காற்று தொடங்கியதும் துடுப்பின் அடியில் செந்நீர் கசிந்தது. ஜான்சி வெல்டர் அந்தோணிராஜை அழைத்து வந்தாள். அவர் வெடிப்பில் ஸ்க்ரூடிரைவரை விட்டார். பிடி வரைக்கும் இறங்கிவிட்டது.

"உள்ள கம்பியே இல்லம்மா. எல்லாம் துரு. ஒரு பெரிய காத்து போதும்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் அர்ச்சுனன். சனிக்கிழமை பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். கசிவு மறைந்தது. ஜான்சிக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிறு மதியம் கூனிமேட்டிலிருந்து இரண்டு வேன்கள் வந்தன. பிள்ளைகளை ஏறவிடாமல் அவள் குறுக்கே நின்றாள். அர்ச்சுனன் வந்தார், அவரே ஏறி, துடுப்பில் சாய்ந்து உட்கார்ந்து காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். கூனிக் குறுகிப் போனாள் ஜான்சி. ஆனால் வரிசை நீண்டுகொண்டே போனது, தென்னங்கீற்றுகள் ஒரே பக்கமாய்ச் சாய ஆரம்பித்தன.

நேராக அலுவலகத்துக்குள் போய் மைக்கை எடுத்தாள். "காத்து அதிகமாகுது. பூங்காவை மூடுறோம். எல்லாரும் வெளிய போயிடுங்க."

"நாளைக்கு நீ வராத," என்றார் அர்ச்சுனன். கோபத்தில் அவர் குரல் எழும்பவேயில்லை.

கடைசி வேன் சாலை ஏறியபோது பின்னால் சத்தம் கேட்டது. துடுப்பு முழுசாகச் சரிந்து, வரிசை நின்ற இடத்தில் கிடந்தது.

இரவு அர்ச்சுனன் போன் செய்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அடுத்து அந்தோணிராஜ் பேசினார். மற்ற பதிமூன்று பிராணிகளுக்கும் அதே கம்பிதான் போட்டார்களாம். காலையில் பூங்காவைத் திறக்கப் போகிறார்களாம்.

விடிந்ததும் ஜான்சி பூங்கா வாசலுக்குப் போய் நின்றாள். காற்று அடங்கவில்லை. புதுச்சேரிப் பக்கமிருந்து ஒரு பள்ளிப் பேருந்து வேகம் குறைத்துத் திரும்பியது. அவள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவழிக்கு வந்தாள்.