உம்மு குல்சும் வீட்டுத் தேத்தண்ணி

பாராளுமன்ற அமர்வு முடிந்துவிட்டால் எம்.பி. அபூசாலிக்கு வீடு வீடாகத் தேத்தண்ணி குடிக்கிற வேலைதான். ஒரு வீட்டில் குடித்துவிட்டு மறு வீட்டில் வேண்டாமென்றால், அந்தக் கோபம் அடுத்த தேர்தலில் தெரியும். அன்று குறிஞ்சாக்கேணிக் கிராமத்தின் கடைசி வீட்டுக்கு வரும்போது வயிறு ஊதி, கால் கடுத்துப் போயிருந்தது. உம்மு குல்சும் நீட்டிய கோப்பையில் ஒரு மிடறு குடித்ததும் முகம் சுளித்தார்.

“என்ன றாத்தா, சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டீங்களா?”

“சீனிதான் தம்பி. தண்ணிதான் எங்கட கிணத்துத் தண்ணி. நீங்க வாறீங்க எண்டா மத்த ஆக்கள் தோணியில அக்கரைக்குப் போய் நல்ல தண்ணி கொண்டு வருவாங்க. எனக்கு ஏலாது.”

நல்ல தண்ணீர் தருவதாக இரண்டு தேர்தல்களில் வாக்குக் கொடுத்தவர், மெல்லக் கோப்பையைக் கீழே வைக்கப் பார்த்தார்.

“குடியுங்க தம்பி,” என்றாள். “நாங்க நாளும் குடிக்கிறதுதானே.”