வர்ற பாதி

மெட்ராஸில் கிரிக்கெட் ஆட்டம் என்றதும் ரயில்வேக்காரர்களுக்கு எங்கிருந்தோ ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. இலங்கைக் குழு கடல் தாண்டிப் போய் ஆடுகிறது, அதைப் பார்க்க மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து துரைமார் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். பந்தடிப்பதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இடுப்பு நோகலாமா? நானுஓயாவிலிருந்து தலைமன்னார் கப்பல்துறை வரைக்கும் மாறாமல் போகிற மாதிரித் தனிப் பெட்டிகள் பூட்டினார்கள். பொல்கஹவெலயில் மூட்டை முடிச்சோடு இறங்கி அடுத்த வண்டிக்குக் காவல் கிடக்கிற வேலை இனி இல்லை. அட்டன் ஸ்டேஷனில் புதுப் பெஞ்சு போட்டார்கள், கக்கூசுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தலைமன்னாரில் வரிசையில் நிறுத்திப் பார்க்கிற காகிதச் சோதனையைக்கூட அட்டன் பிளாட்பாரத்திலேயே மேசை போட்டு முடித்துவிடுவதாக ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் மேலே, பாதிக் கட்டணத்தில் ரிட்டன் டிக்கெட். யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

இந்த ‘யார் வேண்டுமானாலும்’ அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் வேலாயியின் காதில் விழுந்தது. அன்றைக்கே அவள் புருஷன் மூக்கனின் நிம்மதி போயிற்று.

மூத்த மகள் லெட்சுமியைக் கட்டிக்கொடுத்த குடும்பம், கல்யாணமான கையோடு தோட்டத்தை விட்டுப் புதுக்கோட்டைப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது லெட்சுமிக்கு மாசம் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவம் தாய் பார்க்க வேண்டியது. மகள் வர வழியில்லை, ஆகவே தாய் போக வேண்டும். போவது ஒன்றும் பெரிய காரியமில்லை, வருவதுதான் காரியம். தோட்டத்துத் தமிழருக்கு ஓட்டும் பிரஜாவுரிமையும் பறிபோய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக, இங்கேயே பிறந்தவன்கூட எந்த நாட்டு ஆளுமில்லை என்று ஆகியிருந்தது. கடல் தாண்டிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து தோட்டத்து லயத்து வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. வேலாயிக்கோ இங்கே நெஞ்சுச்சளிக்காரப் புருஷனும் இன்னும் ஆளாகாத இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

ரிட்டன் டிக்கெட் வந்ததும் அவளுக்கு அந்தக் கவலை தீர்ந்தது. அரசாங்க ரயில் அரசாங்க அச்சில் ‘போய் வரலாம்’ என்று அடித்துக் கொடுக்கும்போது, வரக்கூடாது என்று சொல்ல இன்னொரு அரசாங்கமா இருக்கிறது? மூக்கனுக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் அது கவ்வாத்துக் காலம். நாளெல்லாம் தேயிலைச் செடியை வெட்டிவிட்டு வருகிறவனுக்குப் பெண்டாட்டியோடு வாதாடத் தெம்பு இல்லை. கண்டியிலிருக்கிற இந்திய ஆபீசுக்குப் போய்ப் பயணக் காகிதம் கேட்டார்கள், கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து எந்த ஆபீசிலும் கேட்டதும் எதுவும் கிடைத்திராத மூக்கன் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தான்.

புறப்படுகிற அன்று விடியற்காலையில் பெண்கள் இரண்டும் லயத்து வாசலில் நின்றன. “போயிட்டு வர்றேன்டி” என்று இரண்டின் கன்னத்தையும் வழித்துவிட்டு வேலாயி நடந்தாள். தகரப்பெட்டியில் பிரசவ மருந்துச் சரக்கு, குழந்தைக்குக் கிழித்த பழஞ்சேலைத் துண்டுகள், சம்பந்தி வீட்டுக்குத் தேயிலைத்தூள். பஸ்ஸில் அவள் வாயாடிக்கொண்டே வந்தாள். வழியனுப்ப வந்த மூக்கன் பாதி தூங்கி, பாதி இருமிக்கொண்டு வந்தான்.

அட்டன் பிளாட்பாரத்தில் துரைமாரும் துரைசாணிமாரும் சாப்பாட்டுக் கூடைகளோடு நின்றிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சிங்கள அதிகாரி அவர்கள் பாஸ்போர்ட்டுகளில் முத்திரை தட்டித் தட்டி அனுப்பினார். காலையிலிருந்து தட்டிக் கை ஓய்ந்தவர்போல இருந்தார். வேலாயியின் முறை வந்தபோது, எங்கே போகிறாய் என்று உடைந்த தமிழில் கேட்டார்.

“ஊருக்குங்க ஐயா” என்றாள்.

மலையில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். இருக்கிற இடத்துக்குப் பெயர் தோட்டம். ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம். பாட்டன் பூட்டன் வந்த இடம், இவர்கள் கண்ணால் பார்த்திராத இடம். கண்டியிலும் அவள் அதைத்தான் சொல்லியிருந்தாள்.

அதிகாரி தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த குமாஸ்தாவிடம், “கமட்ட யனவா” என்று சொல்லி முத்திரைக் கட்டையை எடுத்தார். மூக்கனுக்கு அந்த அளவுக்குச் சிங்களம் புரியும். ஊருக்குப் போகிறாள் என்கிறார், சரிதானே. ஆனால் பயணிகளுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற கடைக்கார நஸார் முதலாளி சட்டென்று கையை நீட்டி அதிகாரியை நிறுத்தச் சொன்னார். இருவரும் சிங்களத்தில் ஏதோ பேசினார்கள். பிறகு நஸார் வேலாயியின் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, ஊருக்குன்னா இவரு ஒரேயடியாப் போறீங்கன்னு வெளங்கிக்கிட்டாரு. கண்டிக் காகிதமும் அப்படித்தான் இருக்கு. இந்த முத்திரை விழுந்தா இங்க திரும்ப ஏலாது.”

வேலாயி பதறவில்லை. மடியிலிருந்து டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள், ரிட்டன் இருக்கிறதே என்றாள். அதிகாரி அதைப் பார்த்தார். கோபமும் கேலியும் இல்லாமல் அவர் சிங்களத்தில் சொன்னதை நஸார் தமிழில் சொன்னார்.

“இது ரயில் குடுத்தது, அம்மா. திரும்பி வர்றப்ப வண்டியில ஏத்துவாங்க. ஆனா நாட்டுக்குள்ள விடுறது நாங்க.”

போகலாமா என்றால் இப்போதே போகலாம். வரவும் வேண்டும் என்றால் வேறு காகிதத்துக்கு எழுதிப்போட வேண்டும், கிடைத்தாலும் கிடைக்கும், ஒரு வருஷமும் ஆகும். இதையும் நஸார்தான் தமிழில் சொன்னார். அதற்குள் லெட்சுமியின் பிள்ளை நடக்கவே தொடங்கிவிடும்.

வேலாயி மூக்கனைப் பார்த்தாள். போ என்று சொன்னால் அங்கே ஒருத்திக்குத் தாய் கிடைப்பாள், இங்கே இரண்டு பேருக்கு இல்லாமல் போவாள். போகாதே என்றால் அங்கே அந்தப் பெண் யாருமில்லாமல் வலியில் கிடப்பாள். அவன் வாயைத் திறந்தான், இருமல்தான் வந்தது. அவனுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் களைப்பு வந்தது. பின்னால் நின்ற ஒரு துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“புள்ளைககிட்ட போயிட்டு வர்றேன்னுல்ல சொல்லிட்டு வந்தேன்” என்றாள் வேலாயி, மேசையைப் பார்த்தபடி. பிறகு காகிதத்தையும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு விலகி நின்றாள். அதிகாரி முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தார்.

வண்டி நேரம் தவறாமல் புறப்பட்டது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. துரைமாரின் சிரிப்புச் சத்தம் பெட்டிக்குப் பெட்டி கேட்டது. நஸார் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இருவரும் புதுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. அந்தப் பிரசவ மருந்தை இனி யாருக்குக் கொடுப்பது என்று மூக்கன் யோசித்துக்கொண்டிருந்தான். வேலாயி டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவில் கோடு போட்ட அட்டை. ஒரு பாதி போக, ஒரு பாதி வர.

“என்னாங்க” என்றாள். “போற பாதிதானே வீணாப் போச்சு. வர்ற பாதி அப்படியே இருக்குல்ல? இதைக் கிழிச்சுத் தபால்ல போட்டுட்டா லெட்சுமி வந்துருவால்ல? புள்ளப்பேற நம்ம லயத்துலயே பார்த்துரலாம்.”

மூக்கன் அவள் முகத்தைப் பார்த்தான். அங்கே காலையில் இருந்த அதே நம்பிக்கை திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. ஒரே நாளில் அதை இரண்டு தடவை பிடுங்க அவனால் ஆகவில்லை.

“அனுப்புவோம் புள்ள” என்றான்.

வேலாயி அட்டையை மடிமேல் வைத்து, கோட்டின்மேல் நகத்தால் அழுத்தி, வர்ற பாதி சேதமாகிவிடாமல் மெதுவாகக் கிழிக்கத் தொடங்கினாள்.