புங்கமரத்து வீட்டின் விலை

"ஊரே காலி பண்ணிக்கிட்டுப் போகுது. நீங்க போகலியா?" என்று லூயிசா கேட்டாள்.

"மராமத்து இலாகாவில லீவு கிடையாதுன்னுட்டாங்க. உங்க வீட்டையும் சேர்த்துப் பாத்துக்கறேன்."

"மரத்துக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க."

"ஊத்தறேன். நீங்க திரும்பி வரும்போது மரமும் இருக்கும், நானும் இருப்பேன்."

"இருந்து?"

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஸ்தனிஸ்லாஸ் சிரித்தார். "பெண் கேட்டு வர எனக்கு அப்பா அம்மா, மாமன் சித்தப்பன் யாரும் இல்லே. உங்க அப்பாவே என்னை வந்து கேட்டாத்தான் உண்டு. அவர்கிட்ட சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டுத்தான் அவள் அப்பாவோடு திருச்சிக்கு ரயில் ஏறினாள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னை நடுங்கிய 1942 ஏப்ரல் அது. மூன்று மாதத்தில் சாந்தோமுக்குத் திரும்பினார்கள். மரம் இருந்தது. அவரும் இருந்தார். அவளுக்குத்தான் வாய் வரவில்லை. பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வாசலில் போய் நின்றால் தெரு சிரிக்கும் என்று நினைக்கிறவர் அப்பா அகஸ்டின். தபாலாபீஸில் முப்பது வருஷம் எதையும் முறைப்படியே செய்து பழகியவர்.

நான்கு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. இப்போது திருச்சியில் அண்ணன் பவுல்சாமி ஒரு வரனைப் பார்த்து வைத்திருந்தான். வீட்டை விற்று, கல்யாணத்தை நடத்திவிட்டு, மகனோடு போய் இருந்துவிடுவது என்று அகஸ்டின் முடிவு செய்தார்.

வீட்டைப் பார்க்க வந்த தரகர் மெஹபூப் பாஷா, தெருவில் நின்றபடியே உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா சார் இது, மரம்தான் தெரியுது. வூடு எங்க கீதுன்னு தேட வேண்டியதாக்கீது. வெட்டிப் போடுங்க, ஆயிரம் ரூபா கூட வரும். எதிர் வூட்டுல கூட வேப்பமரத்தைப் போன வருசமே எடுக்க வெச்சுட்டேன்."

"எதிர் வீடு இன்னும் விக்கலியே, பாய்" என்றாள் லூயிசா.

"அது நேரம்மா."

மரம் வெட்டும் வைரவனை வியாழக்கிழமை வரச் சொன்னார் அகஸ்டின். லூயிசா மெதுவாக, "அன்னிக்கு ஆண்டவர் பரலோகம் ஏறின திருநாளாச்சே அப்பா. வீட்டில கோடாலிச் சத்தம் கேக்கலாமா?" என்றாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சனிக்கிழமைக்குத் தள்ளிப் போட்டார்.

அதனால், வெள்ளிக்கிழமை பாஷா வீடு வாங்க ஓர் ஆளைக் கூட்டிவந்தபோது மரம் நின்றுகொண்டிருந்தது. வந்தவர் சுயம்புலிங்கம், தூத்துக்குடிக்காரர், தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். கேட்டைத் திறந்து உள்ளே வந்தவர், கைக்கடிகாரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"பத்தரை ஆயிட்டு. ராகு காலம். பன்னெண்டு அடிக்காம வாசப்படி தாண்ட மாட்டேன்."

"பன்னெண்டுக்கு நா ஜும்மாவுக்குப் போவணும், நைனா" என்றார் பாஷா.

"போயிட்டு வாரும். தரகர் இல்லாம வீடு பாத்தா நாளைக்குப் பேச்சு வரும். நான் இங்கனயே இருக்கேன்."

லூயிசா பிரம்பு நாற்காலியைப் புங்கமரத்தடியில் போட்டு, நீர்மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கத்திரி முடிந்தும் வெயில் தணியவில்லை. எதிர் வீட்டுச் சுவரைப் பார்க்கக் கண் கூசியது. அந்த வீட்டுக்காரர் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அறைக்கு அறை மாறிக்கொண்டிருந்தார். இங்கே சுயம்புலிங்கத்தின் தலை மெல்லச் சாய்ந்தது. சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. தொழுகை முடிந்து இரண்டு மணிக்குப் பாஷா வந்து தோளைத் தொட்டபோதுதான் அவர் விழித்தார்.

"கேட்ட விலைக்கு மேல ஐநூறு தாரேன்" என்றார் எடுத்த எடுப்பில். "மரத்துல ஒரு கொப்பு குறையக் கூடாது. அதையும் பத்திரத்தில எழுதிருவோம்."

"வீட்டுக்குள்ள நீங்க இன்னும் பாக்கவே இல்லையே" என்றார் அகஸ்டின்.

"உள்ள சுவரும் கூரையும்தான இருக்கும்? எதிர்த்த வீட்டை நேத்துக் காலையில பாத்தேன், பிடிச்சுது. இப்பப் பாருங்க, அடுப்பாக் கொதிக்கி. இங்க விசிறி இல்லாம உறங்கியிருக்கேன்."

"நா அப்பவே சொன்னேனே சார்" என்றார் பாஷா சற்றும் அசராமல். "மரம்தான் இந்த வூட்டுக்கு அழகுன்னு."

சுயம்புலிங்கம் குனிந்து வேரடி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "இந்த வெயில் காய்ச்சல்லயும் ஈரமா இருக்கே. தினமும் யாரு தண்ணி விடுதா?"

"பக்கத்து வீட்டுக்காரர்" என்றாள் லூயிசா.

சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு இருவரும் போனார்கள். அகஸ்டினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கல்யாணத்தை நல்லாவே பண்ணிடலாம்மா. நல்ல வேளை, வெட்டல." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக மதில் பக்கம் பார்த்தார். "ஸ்தனிஸ்லாஸா தண்ணி ஊத்தறான்? எப்பலேந்து?"

"நாம திருச்சிக்குப் போனதிலேந்து. தினம் ரெண்டு குடம், ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி, நீங்க காலைப் பூசைக்குப் போயிருக்கிறப்போ."

"நாலு வருஷமாவா? யார் சொல்லி?"

"நான் சொல்லி."

அகஸ்டின் மதிலிலிருந்து கண்ணை எடுத்தார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பதில் போய்விட்டால் மரம் இருக்கும், ஸ்தனிஸ்லாஸும் இருப்பார், அவள்தான் இங்கே இருக்க மாட்டாள். லூயிசா நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, வீட்டை விக்க வேண்டாம். பெண் கேட்டு வர அவருக்கு யாரும் இல்லே. எனக்காக நீங்களே போய் அவரைக் கேளுங்க."