எல்லோரும் வாங்கச் சொன்ன பங்கு

கூட்ட அறைக்குக் கண்ணாடிச் சுவர் வைத்தவனை நிற்கவைத்துத் திட்ட வேண்டும். உள்ளே பேசுவது ஒரு வார்த்தைகூடக் கேட்காது, ஆனால் எல்லாம் தெரியும். நாங்கள் ‘கால்குலேட்டர்’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் என் வகுப்புத் தோழன் வெள்ளைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தான். மேலே ஏறும் மூன்று கோடுகள், பக்கத்தில் ஒரு பெயின்ட் டப்பா. என் கோப்பிலும் அதே கோடுகள், அதே டப்பா.

இந்த முதலீட்டு நிறுவனத்தில் கோடைப் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம்தான். ஏதாவது ஒரு கம்பெனியின் பங்கை வாங்கலாமா, விற்கலாமா என்று சொல்லி நிரூபிக்க வேண்டும். மற்ற இடங்களில் எல்லாம் என்னைக் கைகழுவிவிட்டார்கள். இதுவும் போனால் மாமா கடையில் பில் போடப் போ என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பயிற்சி இல்லாதவளைப் படிப்பு முடிந்ததும் எந்த நிதி நிறுவனமும் சீண்டாது. கடைசிவரை பில்தான்.

போன கோடையில் இங்கே பயிற்சியில் இருந்த சீனியருக்குப் போன் போட்டேன். பெயின்ட் கம்பெனியை வாங்கச் சொல்லிக்கொடுத்த மகான் அவர்தான்.

“அண்ணா, எனக்கு மட்டும்தான்னு சொன்னீங்களே?”

“உனக்கு மட்டும்தாம்மா சொன்னேன்.” தொண்டையைச் செருமினார். “அவனுக்கும் மட்டும்தான்.”

போனை வைத்துவிட்டேன். ஆத்திரம் தலைக்கேறியது.

தயாரிக்கும்போதே எனக்கு ஒரு நெருடல் இருந்தது. கம்பெனியின் விற்பனை மெல்லத்தான் ஏறுகிறது. விற்காமல் கிடங்கில் தேங்கும் சரக்கோ அதைவிட வேகமாக ஏறுகிறது. சீனியரிடம் காட்டினேன். “கல்யாண வீட்ல ஒப்பாரி வைக்காத, அந்தப் பக்கத்தத் தூக்கு” என்றார். நானும் தூக்கிவிட்டேன்.

கால்குலேட்டர் வெளியே வந்தான். என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

நிதி மேலாளர் ஒரு நரைத்த அம்மா. பலகையை அழிக்கக்கூட இல்லை. “முன்னாடி வந்த ரெண்டு பேரும் பெயின்ட். நீ?”

வேறு எதையும் நான் தயாரிக்கவில்லை.

“பெயின்ட்தான் மேடம். ஆனா விக்கச் சொல்றேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “எங்க முதலீட்டு ஃபண்டுல அந்தப் பங்கை வாங்கினது யாரு தெரியுமா? நான். இந்த மூணு கோட்டையும் உங்க சீனியருக்குப் போட்டுக் காட்டினதும் நான்தான்.”

கால்குலேட்டரும் அவனுக்கு முன்னால் வந்தவனும் கொல்லன் தெருவில் ஊசி விற்றவர்கள். நானோ கொல்லனிடமே போய் உன் ஊசி மழுங்கல் என்று சொல்லியிருக்கிறேன். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று எழுந்து, நினைவிலிருந்த எண்களை டப்பாவுக்குக் கீழே எழுதினேன்.

“புது ஆலை திறக்கிறாங்க. அதுக்குச் சரக்கு சேர்த்து வெச்சிருக்கலாமே?”

“ஆலைக்குன்னா மூலப்பொருள் ஏறியிருக்கணும் மேடம். ஏறினது, கடைக்குப் போகத் தயாரா இருக்கிற டப்பா.”

அவர் மடிக்கணினியில் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்தார். நான் எழுதிய எண்ணில் ஒன்று பிசகினாலும் தொலைந்தேன். அவர் திரையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எண் சரி. இந்தப் பக்கம் ஏன் உன் கோப்புல இல்ல?”

பொய் சொல்ல நேரமில்லை. “வாங்கச் சொல்றதுக்கு இடைஞ்சலா இருந்துச்சு. எடுத்துட்டேன்.”

“ம்.” மடிக்கணினியை மூடினார். “நானும் அதைத்தான் பண்ணியிருக்கேன். லீவு விட்டதும் வந்து சேரு. முதல் வேலையா இதை எங்க முதலீட்டுக் குழு முன்னாடி சொல்லு. நான் எதிர்த்துப் பேசுவேன், விடமாட்டேன்.”

வெளியே கால்குலேட்டர் எனக்காகக் காத்திருந்தான்.

“நீ எதைச் சொன்ன?”

“பெயின்ட்.”

“அடிப்பாவி, நீயுமா!” விழுந்து விழுந்து சிரித்தான். “அப்ப எல்லாருக்கும் சம வாய்ப்புதான்.”

துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம், குதிக்க முடியவில்லை. அவனுக்கும் இது கடைசிக் கதவு. அவன் பையை நானே எடுத்துக்கொண்டு, படியிறங்கி முடித்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நடந்தேன்.