மருமகள் உட்கார்ந்தால் அணையும் திரை

அந்த வீட்டு லேப்டாப்புக்கு மருமகளைக் கண்டாலே ஆகவில்லை. வேறெப்படிச் சொல்வது? கணவன் உட்கார்ந்தால் பளிச்சென்று எரியும். பழுது பார்க்கும் கடைக்காரர் உட்கார்ந்தால் சமர்த்தாக எரியும். இவள் உட்கார்ந்து நாலு வரி அடித்தாளோ இல்லையோ, திரை பொசுக்கென்று இருட்டிவிடும். ஆத்திரத்தில் மூடியை ஒரு தட்டுத் தட்டினால் திரும்ப வரும். மறுபடி நாலு வரி, மறுபடி இருட்டு. அது அணைவதும் இவள் தட்டுவதுமாக ஒரு மாதம் ஓடிவிட்டது.

கடைக்காரர் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தார். இருட்டும்போது டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரியும். அப்படியென்றால் படம் இருக்கிறது, திரைக்குப் பின்னாலிருக்கும் விளக்குதான் அணைகிறது என்று அர்த்தமாம். மூடியின் கீல் வழியாகப் போகும் ஒயரை மாற்றினார். திரையையே மாற்றினார். அது அசைந்துகொடுக்கவில்லை. அடுத்த தடவை போனபோது, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, மிஷின்ல கோளாறு இல்ல," என்று சொல்லிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் கைராசி அப்படி," என்றான் கணவன். "எனக்கு ஒழுங்காத்தானே ஓடுது?"

"நீங்க அதுல சினிமா பாக்கறீங்க. நான் வேலை பாக்கறேன். வேலைன்னா அதுக்கு ஆகல, உங்களை மாதிரியே."

வாய் பேசினாளே தவிர, உள்ளுக்குள் வேலை போய்விடுமோ என்ற பயம்தான். கூட்டங்களில் பேசுவதைக் காதில் கேட்கக் கேட்க, காது கேளாதவர்கள் படிப்பதற்காக எழுத்தில் அடித்துக்கொடுக்கும் வேலை அது. கல்யாணத்துக்கு அப்புறம் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் வேலை. முதல் சோதனையில் பாதியிலேயே திரை இருட்டி, அடித்ததெல்லாம் கன்னாபின்னாவென்று போய் விழுந்தது. மேலாளரம்மாள் நல்லவள், இன்னொரு தடவை பார்க்கலாம் என்றாள். அதிலும் சொதப்பினால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்பதையும் நல்லவளாகவே சொல்லிவிட்டாள். அந்த இன்னொரு தடவை இன்று மதியம். கணவனின் ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவர விடமாட்டார்கள். இதை விட்டால் வேறு கதி இல்லை.

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூடியை நிமிர்த்திப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். சார்ஜரைப் பிடுங்கினாள், சொருகினாள். வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் நொந்தது. அவளைவிட மோசமாக அல்லாடியவர் மாமனார். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத மனிதர். கூடத்துக்கும் அவள் அறைக்குமாக நடையோ நடை.

"கை வலி எப்படிம்மா இருக்கு?" என்றார் நடுவில்.

"நல்லாக் குறைஞ்சிருக்கு மாமா."

பச்சைப் பொய். போன மாதம் நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் எவனோ தலையில் கட்டிய காந்தக் காப்பை அவர் வீட்டில் எல்லோருக்கும் வாங்கிவந்திருந்தார். ரத்த ஓட்டம் சீராகுமாம், மூட்டுவலி பறந்துபோகுமாம். மகன், "தொலைஞ்சுபோச்சுப்பா," என்று கூசாமல் சொல்லிவிட்டான். மாமியாரோ அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, பால் கணக்குச் சீட்டைச் செருகிவைத்தாள். அவரைத் தவிர மருமகள் ஒருத்திதான் இடது மணிக்கட்டில் மாட்டியவள், குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. தினமும் அவள் பதிலைக் கேட்டு அவர் முகம் மலர்வதைப் பார்த்தபின் எப்படிக் கழற்றுவாள்?

சோதனை ஆரம்பித்தது. காதில் யாரோ ஒரு அதிகாரி மடை திறந்தாற்போலப் பேச ஆரம்பித்தார். இவள் விரல்கள் துரத்தின. நாலாவது வரியில் திரை இருட்டியது.

"போச்சு! மாமா, டார்ச்சு!"

அவர் ஓடிவந்து பின்னால் நின்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் அங்கேயும் இங்கேயும் ஓடியதில் எழுத்து பாதி தெரிந்தது, பாதி மறைந்தது.

"இன்னும் மேல மாமா. ஐயோ, கொஞ்சம் கீழ!"

"இரும்மா, இரு, பதறாத," என்றார் அவளைவிடப் பதறிக்கொண்டு.

முடிக்கற்றை ஒன்று கண்ணில் விழுந்தது. இடது கையைத் தூக்கி ஒதுக்கினாள். திரை பளிச்சென்று எரிந்தது. கையை வைத்தாள், இருட்டு. தூக்கினாள், வெளிச்சம். அடப்பாவமே! ஒரு மாதமாகத் தட்டித் தட்டி உயிர் கொடுத்ததாக நினைத்தாளே, தட்டுவதற்காகக் கையைத் தூக்கியதால்தான் அது எரிந்திருக்கிறது. மூடியிலிருக்கும் சின்னக் காந்தத்தை வைத்துத்தான் மூடியிருக்கிறதா என்று அது தெரிந்துகொள்ளும்; கையிலிருக்கும் காப்பின் காந்தம் பக்கத்தில் வந்தாலும் மூடியைச் சாத்திவிட்டார்கள் என்று நினைத்து விளக்கை அணைக்கிறது இந்தச் சனியன்!

கழற்ற ஒரு நொடி போதும். ஆனால் முதுகுக்குப் பின்னால் அவர் நிற்கிறார். இடது கையை மடியில் போட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் அடித்தாள். வார்த்தைகள் கும்பல் கும்பலாகத் தப்பிப்போயின. 

"ஏம்மா ஒத்தக் கையால அடிக்கற? வலிக்குதா?"

"இல்ல மாமா... வந்து..."

அவள் கண் போன இடத்தை அவரும் பார்த்தார். தன் காப்புக் கையை மெல்ல விசைப்பலகை ஓரம் நீட்டினார். திரை இருட்டியது. கையை இழுத்துக்கொண்டார், எரிந்தது. டார்ச்சை அணைத்தார்.

"கழட்டும்மா."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கழட்டுன்னு சொல்றேன்ல!" நெரிசலில் பஸ் ஓட்டிய தொண்டை அது. "பொழப்பு ஓடிட்டிருக்கு, என் மூஞ்சிய என்ன பாக்கற?"

கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அப்புறம் பத்து விரலும் பறந்தன.

சாயங்காலம் மேலாளரம்மாளிடமிருந்து செய்தி வந்தது. நடுவில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது, ஆனாலும் பரவாயில்லை, திங்கட்கிழமை சேர்ந்துகொள்ளுங்கள் என்று. வீடே கூடத்தில் கூடியது. மாமனார் லேப்டாப்புக்கு எதிரே உட்கார்ந்து காப்பை நீட்டினார், இழுத்தார். இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம்.

"பாத்தீங்களா? இதுல சக்தி இல்லன்னு கிண்டல் பண்ணீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?"

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவனும் பின்னாலேயே போனான். மருமகளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்போதுதான் கவனித்தாள், அவர் மணிக்கட்டும் வெறுமையாக இருந்தது. காப்பு இரண்டும் மேசைமேல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"நிஜத்தச் சொல்லும்மா," என்றார் தணிந்த குரலில். "உனக்கு வலி கொஞ்சமாவது குறைஞ்சுதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல மாமா."

"எனக்கும்தான்," என்றார். "உனக்குக் குறையுதேன்னுதான் நான் கழட்டாம இருந்தேன்."